டி.டி.எஸ். 900, ஜி.எச். 2: உங்கள் மீன்தொட்டிச் செடிகளுக்கு உண்மையில் என்ன குறைகிறது?

நீங்கள் எழுதியதன் சாரம் இது: தென்சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் 120 லிட்டர் மீன்தொட்டியில் நீர்ச்செடிகள் வளர்க்கிறீர்கள். குழாய்த் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது கரைந்துள்ள பொருள்களின் மொத்த அளவு, 900. ஹைக்ரோஃபிலா, ரோட்டாலா இரண்டிலும் பழைய இலைகள் ஓரளவு நன்றாக இருக்க, நுனியில் வரும் புதிய இலைகள் மட்டும் சிறுத்து, ஓரம் சுருண்டு, கொக்கிபோல வளைந்து நிற்கின்றன. தண்ணீர் மிகவும் கடினமானது என்றும் முழுக்க ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறிவிட வேண்டும் என்றும் செடி விற்றவர் சொல்லியிருக்கிறார். நீங்களே சொட்டுச் சோதனை செய்ததில் ஜி.எச். (மொத்தக் கடினத்தன்மை) 2 என்றும் கே.எச். (காரத்தன்மை) 15 என்றும் வந்திருக்கிறது. குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இயந்திரம் இருப்பதாகவும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

உங்கள் தொட்டித் தண்ணீர் கடின நீரே அல்ல. அது உப்பு மிகுந்த மென்னீர். கேட்பதற்கு முரணாகத் தோன்றினாலும், கிணற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் இத்தகைய தண்ணீர் அரிதன்று. செடிகளைப் பொறுத்தவரை இது அசல் கிணற்றுத் தண்ணீரைவிடவும் மோசமானது என்பது என் அழுத்தமான கருத்து. இதைப் புரிந்துகொள்ள, நாம் அளக்கும் மூன்று எண்களும் தனித்தனியே எதைச் சொல்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

டி.டி.எஸ். மீட்டர் எனப்படும் அந்தப் பேனா வடிவக் கருவி, தண்ணீரில் கரைந்துள்ள எந்தப் பொருளையும் நேரடியாக அளப்பதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை அளந்து, அதை ஒரு மாறிலியால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. சமையல் உப்பும் மின்சாரத்தைக் கடத்தும், சுண்ணாம்பும் கடத்தும். இரண்டையும் பிரித்துச் சொல்ல அந்தக் கருவிக்கு வழியில்லை. எனவே டி.டி.எஸ். 900 என்பதை மட்டும் வைத்துத் தண்ணீர் கடினமானது என்று முடிவுகட்டுவது, பையின் எடையைப் பார்த்து உள்ளே இருப்பது அரிசியா மணலா என்று சொல்வதைப் போன்றது.

ஜி.எச். என்பது மொத்தக் கடினத்தன்மை, அதாவது கால்சியம், மெக்னீசியம் ஆகிய இரண்டின் கூட்டுத்தொகை. ஒரு டிகிரி என்பது கால்சியம் கார்பனேட் அளவில் லிட்டருக்கு 17.85 மில்லிகிராம். அந்த ஒரு டிகிரி முழுவதும் கால்சியமாக இருந்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 7.1 மில்லிகிராம் கால்சியமும், முழுவதும் மெக்னீசியமாக இருந்தால் 4.3 மில்லிகிராம் மெக்னீசியமும் இருப்பதாகப் பொருள். உங்கள் தொட்டியின் 2 டிகிரியில் இரண்டும் பாதிப்பாதி என்று வைத்துக்கொண்டால்கூட, கால்சியம் 7 மில்லிகிராம்தான் தேறும். வேகமாக வளரும் தண்டுச் செடிகளுக்கு இது போதவே போதாது.

கே.எச். என்பதைக் கார்பனேட் கடினத்தன்மை என்று சொல்லி வந்தாலும், அந்தச் சோதனை உண்மையில் அளப்பது தண்ணீரின் காரத்தன்மையை. நம் தொட்டிகளில் பெரும்பாலும் பைகார்பனேட்டை. பள்ளியில் தற்காலிகக் கடினத்தன்மை, நிரந்தரக் கடினத்தன்மை என்று படித்திருப்போம். அந்தப் பாகுபாட்டில், கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகளால் வருவது தற்காலிகமானது. அது மொத்தக் கடினத்தன்மைக்குள் அடங்கிய ஒரு பகுதி. ஆகவே ஜி.எச்.சைவிடக் கே.எச். பல மடங்கு அதிகமாக இருந்தால், பைகார்பனேட்டுக்குத் துணையாகக் கால்சியமும் மெக்னீசியமும் அல்லாத வேறொன்று தண்ணீரில் இருக்கிறது என்று பொருள். கிட்டத்தட்ட எப்போதும் அது சோடியம்தான். சில நிலத்தடி நீர்கள் இயற்கையிலேயே அப்படி அமைவதுண்டு. உங்கள் இடத்தில் இயந்திரமே இருப்பதால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

சாஃப்ட்னருக்குள் இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகின்றன. மணிகள் நிறைந்துவிட்டால் உப்புக் கரைசலைப் பாய்ச்சி அவற்றைப் புதுப்பிக்கிறார்கள். காவலாளி அவ்வப்போது உப்பு மூட்டையைத் தூக்கிச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். நீக்கப்படும் கடினத்தன்மையின் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் ஏறத்தாழ 0.46 மில்லிகிராம் சோடியம் தண்ணீரில் சேர்கிறது. கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மை 460 மில்லிகிராம் என்றால், லிட்டருக்கு 210 மில்லிகிராம் சோடியம் கூடுதலாக வந்துவிடும். டி.டி.எஸ். இறங்காது, கே.எச்.சும் இறங்காது, ஜி.எச். மட்டும் தரைதட்டும். சோப்பு நன்றாக நுரைக்கும், குழாயில் வெள்ளைக் கறை படியாது, வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. செடிக்கு வேண்டிய இரண்டு சத்துகளும் அந்த இயந்திரத்திலேயே நின்றுவிடுகின்றன.

புதிய இலைகள் மட்டும் ஏன் சுருள்கின்றன என்பதற்கும் இதில் விடை கிடைக்கிறது. செல் சுவர்களைப் பிணைத்து நிறுத்துவதில் கால்சியத்துக்குப் பெரும் பங்குண்டு. ஓர் இலையில் சேர்ந்த கால்சியம் அங்கேயே தங்கிவிடும். பற்றாக்குறை வரும்போது பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்கு அனுப்பச் செடியால் முடியாது. அதனால் குறை முதலில் நுனியில் தெரிகிறது. இலை முழு அகலம் விரியாமல் ஓரம் மடிந்து நிற்கிறது. மெக்னீசியம் இதற்கு நேர்மாறானது. பச்சையத்தின் நடுவே இருக்கும் அணு அதுதான் என்றாலும், தட்டுப்பாடு வந்தால் செடி அதைப் பழைய இலைகளிலிருந்து உருவிக்கொள்ளும். எனவே அடி இலைகளில் நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகவும் மாறினால் மெக்னீசியத்தைச் சந்தேகிக்க வேண்டும். நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி வெளுப்பது நுனி இலைகளில் என்றால் இரும்பு. அடி இலைகளில் ஊசியால் குத்தியதுபோல் துளைகள் விழுந்தால் பொட்டாசியம். இந்தப் பொட்டாசியம் ஜி.எச். சோதனையில் சிறிதும் தெரியாது என்பதையும் மறக்க வேண்டாம். தண்ணீரில் அளவுக்கு மீறி நிற்கும் சோடியம், செடி பொட்டாசியத்தை எடுத்துக்கொள்வதிலும் குறுக்கிடும் என்பதால் உங்கள் தொட்டியில் அதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரர் சொன்னபடி முழுக்க ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறினால் சோடியம் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் எஞ்சியிருக்கும் சிறிதளவு கால்சியமும் உடன் போய்விடும். சில ஆண்டுகளுக்கு முன் இதே தவறை நான் செய்தேன். அப்போது என் தண்ணீர் அசல் கிணற்றுத் தண்ணீர், ஜி.எச். 24. தொட்டியில் வாலிஸ்நேரியா செழித்து வளர்ந்தது. அதன் நாடா இலைகளில் திருநீறு பூசியதுபோல் வெண்மையான பொருக்கு படிந்திருந்தது. ஓர் இலையை வெளியே எடுத்து நகத்தால் சுரண்டினேன். விரல் நுனியில் நறநறவென்று சுண்ணாம்புபோல் வந்தது. அதன்மீது எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டவுடன் பொடிப்பொடியாகக் குமிழிட்டுக் கரைந்தது. கரியமில வாயு போதாதபோது வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் பைகார்பனேட்டை உடைத்துக் கார்பனை எடுத்துக்கொள்கின்றன. அப்போது இலைப்பரப்பில் காரத்தன்மை ஏறிக் கால்சியம் கார்பனேட் படிகிறது. அதாவது அந்தப் படிவு நோயின் அறிகுறி அல்ல, செடி தன் உணவைத் தேடிக்கொண்டதன் தடயம். எனக்கோ அது கெட்ட தண்ணீரின் அடையாளமாகத் தோன்றியது. ஒரே வாரத்தில் தொட்டி முழுவதையும் ஆர்.ஓ. தண்ணீராக மாற்றினேன். பத்து நாட்களுக்குள் பக்கத்தில் இருந்த கிரிப்டோகோரைன் வென்டியின் இலைகள் கண்ணாடிபோல ஆகிக் குழைந்து கரைந்தன. நத்தைகளின் ஓட்டில் வெண்மையான குழிகள் விழுந்தன. கிரிப்டோகோரைனின் கிழங்கு பிழைத்துக்கொண்டது. அந்தச் செடிக்குக் கடின நீரும் ஒத்துக்கொள்ளும், மென்னீரும் ஒத்துக்கொள்ளும். திடீர் மாற்றம்தான் ஒத்துக்கொள்ளாது.

இனி நீங்கள் நேரடியாகக் கேட்ட கேள்வி, எவ்வளவு வேண்டும் என்பது. பெரும்பாலான செடிகள் சேர்ந்து வாழும் பொதுத் தொட்டிக்குக் கால்சியம் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம், மெக்னீசியம் 5 முதல் 10, பொட்டாசியம் 10 முதல் 20 என்ற அளவை நான் வைத்துக்கொள்கிறேன். இந்தக் கால்சியமும் மெக்னீசியமும் சேர்ந்து ஜி.எச். 4 முதல் 6.5 வரை வரும். கே.எச். 2 முதல் 5 வரை இருந்தால் போதும். இது நடைமுறையில் வசதியாக அமைந்த அளவே தவிரக் கண்டிப்பான எல்லை அல்ல. வாலிஸ்நேரியா, சாஜிடேரியா, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்டி, நம் வயல் வரப்புகளில் படரும் நீர்ப்பிரமி ஆகியவை ஜி.எச். 15, 20 இருந்தாலும் முகம் சுளிக்காமல் வளர்கின்றன. மறுபுறம், தென்னிந்தியாவின் மேற்குப் பகுதிகளுக்கு உரிய ரோட்டாலா மக்ராண்ட்ராவும், எரியோகாலான், டோனினா போன்றவையும் கே.எச். மிகக் குறைவாக இருந்தால்தான் முழு அழகோடு நிற்கும். இங்கே அவை வெறுப்பது பெரும்பாலும் கார்பனேட்டையே, ஜி.எச். 6 இருந்து கே.எச். 1 இருந்தால் அவற்றில் பலவும் நன்றாகவே வளர்வதைக் கண்டிருக்கிறேன். ஆகவே இது மென்னீர்ச் செடி என்று யாராவது சொன்னால், எந்தக் கடினத்தன்மையைக் குறிக்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள்.

கால்சியமும் மெக்னீசியமும் மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் இருக்க வேண்டும் என்று பலரும் வற்புறுத்துவார்கள். இரண்டும் போதிய அளவில் இருக்கும்போது அந்த விகிதத்தைத் துரத்துவதில் பயனில்லை என்பது என் அனுபவம். ஆனால் இரண்டில் ஒன்று அறவே இல்லாத தண்ணீரிலும் ஜி.எச். எண் அழகாகவே வரும் என்பதால், ஒரு முறையாவது ஆய்வகத்தில் பார்த்துவிடுவது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைச் சோதிக்கலாம். அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், மெக்னீசியம் எல்லாம் தனித்தனியே வரும். மெக்னீசியம் தரப்படாவிட்டாலும் கணக்கிட்டுக்கொள்ளலாம்: கால்சியத்தை 2.5ஆல் பெருக்கி மொத்தக் கடினத்தன்மையிலிருந்து கழித்து, மீதியை 4.1ஆல் வகுத்தால் மெக்னீசியம் கிடைக்கும். கடல்நீரில் கால்சியத்தைவிட மெக்னீசியம் மூன்று மடங்கு அதிகம். எனவே சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியைப் போல நிலத்தடியில் கடல்நீர் புகுந்த இடங்களில் மெக்னீசியமும் சோடியமும் சேர்ந்தே உயர்ந்திருக்க வாய்ப்புண்டு.

உங்களுக்கு நான் பரிந்துரைக்கும் வழி எளிமையானது. சாஃப்ட்னருக்குள் போகாத அசல் கிணற்றுத் தண்ணீர் எந்தக் குழாயில் வருகிறது என்று குடியிருப்பின் பராமரிப்பாளரிடம் கேளுங்கள். பெரும்பாலும் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாய் அப்படிப்பட்டதாக இருக்கும். அதில் ஜி.எச்., கே.எச். இரண்டையும் அளந்து பாருங்கள். சொட்டுச் சோதனையில் நிறம் மாறும் கடைசிச் சொட்டுதான் கணக்கு. சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளின்மீது குழலை வைத்து மேலிருந்து பாருங்கள். காகிதப் பட்டைகளை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். எடுத்துக்காட்டாக, அசல் தண்ணீரில் மொத்தக் கடினத்தன்மை 460 மில்லிகிராம், அதில் கால்சியம் 104, மெக்னீசியம் 48 என்று வைத்துக்கொள்வோம். இது ஜி.எச். 26. சாஃப்ட்னர் பைகார்பனேட்டைத் தொடுவதில்லை என்பதால் கே.எச். அங்கும் 15 அளவிலேயே இருக்கும். இந்தத் தண்ணீர் ஒரு பங்கும் ஆர்.ஓ. தண்ணீர் நான்கு பங்கும் கலந்தால் ஜி.எச். 5, கே.எச். 3, கால்சியம் 21, மெக்னீசியம் கிட்டத்தட்ட 10 என்று வந்துவிடும். கடையில் தாது உப்பு எதுவும் வாங்கத் தேவையில்லை. பல காலமாக நீங்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய அதே கிணறுதான் உங்கள் செடிக்கான சத்துக் கரைசல்.

வாரம் ஒருமுறை 36 லிட்டர், அதாவது முப்பது விழுக்காடு, மாற்றுங்கள். அதில் 7 லிட்டர் அசல் தண்ணீர், 29 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர். மூன்று வாரத்தில் பழைய தண்ணீரின் மூன்றில் ஒரு பங்கும், ஆறு வாரத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாகவும் தொட்டியில் எஞ்சியிருக்கும். இந்த வேகத்தைத் தாண்டாதீர்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் டி.டி.எஸ். கன்ட்ரோலர் இருந்தால், அது வடிகட்டாத தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்பக் கலக்கும். உங்கள் வீட்டில் அப்படிக் கலப்பது அதே சோடியத் தண்ணீர் என்பதால் அதை மூடிவைக்கச் சொல்லுங்கள். ஆர்.ஓ. கழித்து ஊற்றும் தண்ணீரில் உப்பு செறிந்திருக்கும். தரை துடைக்கலாம், மாடிச் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம்.

அசல் தண்ணீர் கிடைக்கவே கிடைக்காது என்றால் ஆர்.ஓ. தண்ணீரில் உப்புகளை நாமே சேர்க்க வேண்டும். 100 லிட்டருக்கு 7 கிராம் எப்சம் உப்பு, அதாவது மருந்துக் கடையில் பேதியுப்பு என்று கேட்டால் தரும் மெக்னீசியம் சல்பேட், லிட்டருக்கு 7 மில்லிகிராம் மெக்னீசியத்தைத் தரும். கால்சியத்துக்கு ஜிப்சம் 8.6 கிராம் போட்டால் 20 மில்லிகிராம் ஏறும். மெதுவாகத்தான் கரையும், முந்தின இரவே வாளியில் போட்டு, காற்றுக் குமிழி விடும் காற்றுக் கல்லை வைத்துவிடுங்கள். உரக்கடையில் எளிதாகக் கிடைக்கும் கால்சியம் நைட்ரேட்டைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அந்த உர வகையில் சிறிதளவு அம்மோனியமும் கலந்திருப்பதால் மீன் உள்ள தொட்டியில் நான் அதைப் பயன்படுத்துவதில்லை. கே.எச். ஒரு டிகிரி உயர்த்த 100 லிட்டருக்கு 3 கிராம் சமையல் சோடா போதும் என்றாலும், மறுபடியும் சோடியத்தையே ஊற்றுகிறோம் என்பதால் பொட்டாசியம் பைகார்பனேட் 3.6 கிராம் போடுவது மேல். பொட்டாசியத் தேவையின் பெரும்பகுதியும் அதிலேயே நிறைவேறிவிடும்.

கே.எச்.சை ஏன் குறைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். செடிக்கு நேரடியாகக் கெடுதல் என்பதைவிட, இரும்பை அது சிக்கலாக்குகிறது என்பதே முதற்காரணம். கே.எச். 15 உள்ள தண்ணீரில் கரியமில வாயு 3 மில்லிகிராம் அளவில் இருந்தால் பி.எச். 8.2ஐத் தொடும். அந்த நிலையில் இ.டி.டி.ஏ. (இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் சேர்மம்) வகை இரும்பு உரம் இரும்பைக் கைவிட்டுவிடுகிறது. விடுபட்ட இரும்பு துருவாகப் படிந்து செடிக்குக் கிடைக்காமல் போகிறது. இ.டி.டி.ஏ. பி.எச். 6.5 வரை, அதே வேலையைச் செய்யும் டி.டி.பி.ஏ. 7.5 வரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். உர பாட்டிலில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். கரியமில வாயு செலுத்துபவராக இருந்தால் இன்னொரு கணக்கும் உதவும்: கே.எச்.சை 3ஆல் பெருக்கி, அதை மறுபடியும் 10இன் (7 − பி.எச்.) அடுக்கால் பெருக்கினால் வாயுவின் அளவு கிடைக்கும். கே.எச். 4, பி.எச். 6.6 என்றால் 30 மில்லிகிராம். கே.எச். அதிகமாக இருப்பதால் அதிக வாயு தேவை என்று சிலர் சொல்வது சரியன்று. அதே அளவு வாயுவுக்குப் பி.எச். எண்தான் மாறும். அதே நேரத்தில் கே.எச்.சை சுழியம் வரை இறக்கிவிடவும் கூடாது. வடிகட்டியில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போதெல்லாம் காரத்தன்மை செலவாகிறது. கையிருப்பு தீர்ந்துபோன தொட்டியில் பி.எச். ஒரே இரவில் சரியக்கூடும்.

கடைசியாக இரண்டு சிறிய எச்சரிக்கைகள். முதலாவது, ஆவியாதல். சென்னையின் கோடையில், மின்விசிறிக் காற்று படும் திறந்த தொட்டி வாரத்துக்கு 10 லிட்டர் இழப்பது எளிது. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். தாதுக்கள் உள்ளேயே தங்கிவிடும். அந்தக் குறையை ஜி.எச். 26 உள்ள தண்ணீரால் நிரப்பினால், 120 லிட்டர் தொட்டியில் வாரத்துக்கு 2 டிகிரிக்கும் மேல் ஏறிக்கொண்டே போகும். மட்டம் குறைந்ததை நிரப்ப ஆர்.ஓ. தண்ணீரையோ, வடகிழக்குப் பருவமழையின் முதல் சில மழைகளைக் கழித்துவிட்டுச் சுத்தமான மாடியிலிருந்து பிடித்து வைத்த மழைநீரையோ மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டாவது, தொட்டியின் தரை. வெள்ளைக் கூழாங்கல் என்று விற்கப்படுவதில் பளிங்குத் துண்டுகளும் உண்டு. ஒரு கல்லைத் துடைத்து உலர்த்தி, அதன்மீது வினிகர் சில துளிகள் விட்டுக் காதருகே வைத்துப் பாருங்கள். சன்னமான சீறல் கேட்டால் அந்தக் கல் உங்கள் தண்ணீரில் கரைந்து ஜி.எச்.சையும் கே.எச்.சையும் நாள்தோறும் உயர்த்தும். நீங்கள் எவ்வளவு கவனமாகக் கலந்தாலும் கணக்கு நிற்காது.

தண்ணீரை மாற்றத் தொடங்கிய பிறகு ஏற்கெனவே சுருண்ட இலைகளைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அவை இனி நிமிரப்போவதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து நுனியில் விரியும் இலை இணைகளை மட்டும் கவனியுங்கள். இரண்டு மூன்று கணுக்கள் தட்டையாக விரிந்து வந்ததும், அந்த நல்ல நுனியை வெட்டி மண்ணில் ஊன்றிவிட்டு, கீழ்த்தண்டை எடுத்துவிடுங்கள்.